முப்பத்தோரு சி.சி.

'ஹாட் ராட்' என்றால் என்ன தெரியுமா என்று எங்கள் ஆபீஸில் கேட்டுப் பார்த்தேன். அக்கவுண்ட்ஸ் நண்பர், "பக்கெட்ல போட்டு வெந்நீர் வைக்கிற ராடா? ஐ.எஸ்.ஐ. முத்திரை பாத்து வாங்குங்க ஸார்" என்றார். டெஸ்பாட்ச்சில் இருப்பவர் வெல்டிங் ராட் என்றார். மானேஜர் மட்டும் சற்று யோசித்துவிட்டு, "ஆபீஸ் டயத்துல இந்த டவுட் எப்படி வந்தது?" என்றார்.

ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தெற்கு கலிபோர்னியாவில், 1930களில், கையில் காசில்லாத பையன்கள் ஆரம்பித்த பைத்தியம் இது. பழைய ஃபோர்டு கார் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்க வேண்டியது. மட்கார்டைக் கழற்று, பம்பரைக் கழற்று, பானெட்டையும் கழற்று. எடை குறையும். இன்ஜினைக் குடைந்து பெரிசாக்கு. அது போதாதென்றால் வேறு காரின் பெரிய இன்ஜினைத் தூக்கி இதில் போடு. அப்புறம் மியூராக், எல் மிராஜ் மாதிரி தண்ணீர் வற்றிக் கட்டாந்தரையான ஏரிகளுக்குப் போய் விரட்டு. 1932-ல் ஃபோர்டு கம்பெனி சாமானியன் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் இன்ஜினைப் போட்டு ஒரு காரை விட்டது. 65 குதிரை சக்தி. சில வருஷத்தில் அதெல்லாம் பழசாகி அடிமாட்டு விலைக்கு வந்ததும் பையன்களுக்கு தீபாவளி! 1937-ல் சங்கமே வைத்தார்கள். 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே பத்திரிகை வந்தது.

அந்தப் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்று, அட்டை கிழிந்து, நான் காலேஜில் படிக்கும்போது திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் எனக்குக் கிடைத்தது. எட்டு ரூபாய். சக மாணவர்கள் நடுப்பக்க நடிகைகளைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில் நான் மட்கார்டு இல்லாத ஃபோர்டை ஒட்டினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பாவம், ஆக்ஸிடென்ட்டா?" என்றாள்.

ஆசை இருந்தது. கார் இல்லை. கல்யாணம் ஆயிற்று. மாமனார் வீட்டில் கார் இருந்தது.

இருந்தது என்றால், நங்கநல்லூர் வீட்டின் பக்கவாட்டில், முருங்கை மரத்தடியில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966 மாடல், இரண்டு கதவு. மாமா இன்ஷூரன்ஸில் ஊர் ஊராகச் சுற்றும் வேலையில் இருந்தபோது 1974-ல் செகண்ட் ஹாண்டாக வாங்கியது. 1999-ல் நின்றது, நின்றதுதான். நான்கு டயரும் மண்ணுக்குள் இறங்கி, பூனை ஒன்று மூன்று தலைமுறையாகப் பின் சீட்டில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹெரால்டு நம்ம ஊர்ப் பிள்ளை என்பது இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. இங்கிலாந்தில் 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' என்று 1959-ல் வந்த கார். உடம்பை வரைந்தவர் மிக்கெலாட்டி என்கிற இத்தாலிக்காரர். அதை 1960களில் பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஃபாக்டரியில் செய்தார்கள். இன்று எலெக்ட்ரிக் ரயிலில் தாம்பரம் தாண்டிப் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்தத் தொழிற்சாலை இல்லை. 1980களின் கடைசியில் மூச்சை விட்டுவிட்டது.

ஹாட் ராட் பைத்தியத்துக்கு ஹெரால்டு மாதிரி தோதான வண்டி கிடையாது. காரணம், தனி சேஸிஸ். இப்போதைய கார்களில் உடம்பும் எலும்பும் ஒரே தகரம். வெட்டினால் உயிர் போய்விடும். ஹெரால்டில் கீழே ஒரு சட்டம், மேலே உடம்பைத் துண்டு துண்டாக நட்டு போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். கழற்றி வைத்துவிட்டு உங்கள் இஷ்டத்துக்கு வேறு உடம்பை உட்கார வைக்கலாம். இங்கிலாந்தில் எத்தனையோ பேர் ஹெரால்டு சேஸிஸ் மேல் சொந்தக் கார் கட்டியிருக்கிறார்கள். இன்னொரு விசேஷம், பானெட். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து மூக்கு மொத்தமும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜினில் வேலை செய்யலாம். நான் அங்கே உட்கார்ந்து டிபனே சாப்பிட்டிருக்கிறேன்.

இதெல்லாம் இருபது வருஷம் என் மனசுக்குள் ஓடிய வண்டி. அதை வெளியே இழுத்தது ஒரு பிரமோட்டர்.

2022 சித்திரையில், நங்கநல்லூர் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்ட ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆடிக்குள் காலி செய்ய வேண்டும், ஆவணியில் பூமி பூஜை. மச்சினன் ஒரு பழைய இரும்புக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். அவர் காரைச் சுற்றி வந்து, காலால் ஒரு எட்டு உதைத்துப் பார்த்துவிட்டு, "எண்ணூறு கிலோ தேறும். கிலோ முப்பது ரூபா. பூனையை நீங்களே எடுத்துக்குங்க" என்றார்.

மாமாவுக்கு எண்பத்தொன்று. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சட்டை போட்டால் விஷயம் சீரியஸ் என்று அர்த்தம்.

"வண்டி தானா ஓடி இந்த கேட்டைத் தாண்டட்டும். அதுக்குப் பின்னாடி நானும் வரேன். தூக்கிட்டுப் போறதா இருந்தா, ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்க."

அத்தை இருந்திருந்தால் ஒரு அதட்டலில் முடிந்திருக்கும். அத்தை காலமாகி நான்கு வருஷம். மச்சினன் என்னைப் பார்த்தான். மனைவி என்னைப் பார்த்தாள். ஒப்பந்தப்படி காலி செய்யத் தாமதமானால் மாதா மாதம் ஒரு தொகை கட்ட வேண்டும். அது என் சம்பளத்தில் பாதி. நான் காரைப் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கு வாய்கொள்ளாத சிரிப்பு.

அன்று ராத்திரியே ஒரு நோட்டுப் புத்தகத்தில் திட்டம் போட்டுவிட்டேன். மொத்தம் பதினேழு மாற்றங்கள். முதல் மாற்றம் இன்ஜின். ஹெரால்டு 948 சி.சி. நாலு சிலிண்டர், முப்பத்தைந்து குதிரைக்குப் பக்கம். அதைக் கடாசிவிட்டு ஜிப்ஸி இன்ஜின். 1300 சி.சி., எண்பது குதிரை, இன்ஜின் நெடுக்குவாட்டில் உட்கார்ந்து பின் சக்கரத்தைத் தள்ளுகிற ஜாதி. அப்புறம் அகல டயர், கூரையை நாலு அங்குலம் வெட்டி இறக்குவது, கறுப்புப் பெயின்ட்டில் நெருப்பு ஜ்வாலை...

மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"இதுக்கு என்ன பேரு சொன்னீங்க மாப்ளே?"

"ஹாட் ராட், மாமா. அமெரிக்காவுல..."

"அமெரிக்கா எதுக்கு? சோழவரத்துலயே பாத்தாச்சே."

சோழவரத்தை நான் மறந்தேபோயிருந்தேன். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் போட்ட விமான ஓடுபாதை. யுத்தம் முடிந்த பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார் ரேஸ் நடத்தியது. 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வரும்வரை, ரேஸ் என்றால் சோழவரம்தான். எழுபதுகளில் மாமா இதே ஹெரால்டில் கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். "சீட்டெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு நம்ம ஹெரால்டே ஓடும். ஃபியட்டு ஓடும். வேலூர், கோயமுத்தூருன்னு லேத்துப் பட்டறைக்காரன் எல்லாம் தானே கட்டின வண்டியைத் தூக்கிட்டு வருவான். அதுங்களுக்கு எந்த ஜாதியும் சொல்ல முடியாது. ஒண்ணோட தலை, ஒண்ணோட வால்" என்றார். அவர்களுக்குக் காய்ந்த ஏரி, நமக்குக் காலியான ஓடுபாதை. காசில்லாத பையன், கையில் ஸ்பேனர்... கதை ஒன்றுதான். எட்டு ரூபாய் கொடுத்து நான் கலிபோர்னியாவில் தேடியது செங்குன்றம் தாண்டி இருந்திருக்கிறது!

மாமா சம்மதம் கிடைத்தது. சர்க்கார் சம்மதம்?

ஆர்.டி.ஓ. ஆபீஸ் விவகாரங்கள் தெரிந்த நண்பர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெயில் எடுக்க ஆள் வெச்சிருக்கியா?" என்றார். மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில் தண்டனை: ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய், அல்லது இரண்டும். என் நோட்டில் பதினேழு மாற்றம். எண்பத்தையாயிரம் ரூபாய் அபராதத்துக்கு நானே நம்பர் போட்டு, அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

"ஆனா ஒரு வழி இருக்கு" என்றார் நண்பர். 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி போட்டது. ஐம்பது வயசுக்கு மேற்பட்ட வண்டியாக இருக்க வேண்டும். பத்து வருஷத்துக்குப் பதிவு. பழைய நம்பர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். மாமாவின் 'எம்.எஸ்.' நம்பர் பிழைத்தது. நிபந்தனை என்னவென்றால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பழையபடியே இருக்க வேண்டும். ஜிப்ஸி இன்ஜினைப் போட்டால் அது வின்டேஜ் இல்லை. இன்னொரு நிபந்தனையைக் கேளுங்கள். அந்த வண்டியை தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, வின்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது... இதற்கு மட்டும் ரோட்டுக்கு வரலாம். அதாவது பெட்ரோல் போடப் போகலாம், போட்ட பெட்ரோலை வைத்துக்கொண்டு ஆபீஸ் போகக்கூடாது.

எனக்கு வயிற்றெரிச்சல். காது கிழிய ஹாரன் வைத்தவனும், ராத்திரியில் எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கிற லைட் போட்டவனும் தெருத் தெருவாகத் திரிகிறான், எனக்கு மட்டும் 52-ஆ என்று ராயப்பேட்டையில் மெக்கானிக் பாயிடம் போய்ப் புலம்பினேன். பாய் கார்பரேட்டர் ஒன்றைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"ஸார், ஹெரால்டு பின் சக்கரத்தைப் பாத்துகிறீங்களா? ஜாக்கி போட்டுத் தூக்கினா ரெண்டும் உள்ளாற மடங்கும், கோழிக்கால் மாதிரி. வளைவுல வேகமா பூந்து திடீர்னு ஆக்ஸிலேட்டரை வுட்டீங்கன்னா, ஓடும்போதே அப்படித்தான் மடங்கும். பிரேக்கு நாலும் டிரம்மு. முப்பத்தஞ்சு குதிரைக்கே அது மெட்ராஸ் சாமியைக் கும்புட்டுக்கினுதான் நிக்கும். நீங்க எண்பது குதிரையைப் பூட்டி யாரை உக்கார வெக்கப்போறீங்க? பெரியவரையா?"

இந்தக் கேள்விக்கு 52-ஆம் பிரிவைவிட வெயிட் அதிகம். அந்தப் பின் சக்கர அமைப்பு பலருக்கும் பிடிக்காமல்தான், ஹெரால்டுக்குப் பிறகு வந்த 'கெஸல்' காரில் ஸ்டாண்டர்டு கம்பெனியே அதை மாற்றியது. கலிபோர்னியாப் பையன்கள் காய்ந்த ஏரியில் நேராக ஓட்டினார்கள். நங்கநல்லூரில் நேராக இருபது அடி போனால் மாடு.

நோட்டை மூடி வைத்துவிட்டு, பழைய இன்ஜினையே எழுப்புவது என்று முடிவாயிற்று. அது சொல்லுகிற மாதிரி சுலபமில்லை. இருபத்துமூன்று வருஷத் துருவில் பிஸ்டன் நாலும் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. 'ஜாம்' என்பார்கள். பாய் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஓட்டை வழியாக டீஸலும் ஆட்டோமேடிக் கியர் ஆயிலும் கலந்து ஊற்றினார். "அஞ்சு நாள் ஊறட்டும். அடிச்சா உடைஞ்சிரும், கெஞ்சினா வரும்." மாமா தினமும் காலையில் காபி குடித்த கையோடு வந்து, அந்த ஓட்டைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஆயில் இறங்கியிருந்தால் எனக்கு ஆபீஸுக்குப் போன் வரும். "மூணாம் சிலிண்டர் குடிச்சிருச்சு மாப்ளே. நாலு பிடிவாதம்."

ஆறாம் நாள் பாய் இன்ஜின் முன்பக்கம் இருக்கும் பெரிய நட்டில் நீள ஸ்பேனரைக் கொடுத்து, இழுக்காமல், சும்மா தொங்கினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொங்கினார். 'க்ரீச்' என்று ஒரு சத்தம். அரை அங்குலம் நகர்ந்தது. பூனை பின் சீட்டிலிருந்து குதித்து ஓடியது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் பாய்க்குத் தன் கையாலேயே காபி கலந்து எடுத்து வந்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு. பாய் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

டிங்கர் வேலை புதுப்பேட்டைப் பெரியவர் ஒருவருடையது. தரைத் தகடு முழுக்கப் போயிருந்தது. முருங்கை வேர் ஒன்று கிளட்ச் பெடல் வரைக்கும் வந்திருந்தது. அவரிடம் டிராயிங் கிடையாது, அளவு டேப்பும் கிடையாது. சரியாக இருக்கும் இடது பக்க மட்கார்டைக் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவுவார். பிறகு தகட்டை மணல் மூட்டை மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டுவார். மறுபடி தடவல், மறுபடி தட்டல். மூன்றாம் நாள் வலது மட்கார்டு பிறந்துவிட்டது. அமெரிக்காவில் இந்தக் கைக்குக் காத்திருக்க ஆட்கள் க்யூவில் நிற்பார்கள். இங்கே அவர் பீடிக்கு என்னிடம் நெருப்பு கேட்டார். பெயின்ட், சீட்டு, வயரிங் இதெல்லாம் பணம் கொடுத்தால் நடந்துவிடுகிற சமாச்சாரம், விட்டுவிடுகிறேன்.

இன்ஜினைப் பிரித்தபோது சிலிண்டர்கள் நாலும் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருந்தன. போரிங் மெஷினில் குடைந்து, நாற்பது தௌ பெரிய பிஸ்டன் போட வேண்டும். தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்டனுக்கு எங்கே போவது? ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் மாடிப் பரணிலிருந்து தூசியோடு ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினார்கள். மேலே 'ஸ்டாண்டர்டு டென்' என்று எழுதியிருந்தது. ஹெரால்டுக்கு அண்ணன் வண்டி. அதே 948 இன்ஜின். பெட்டியில் நாலு பிஸ்டன், எண்ணெய்க் காகிதம் சுற்றி, நாற்பது தௌ. கடைக்காரர் வியாபாரம் பேசவே இல்லை. "ஓட்டிட்டு வந்து காட்டுங்க" என்றார்.

அன்று ராத்திரி நான் கணக்குப் போட்டேன். 63 மில்லிமீட்டர் சிலிண்டர் நாற்பது தௌ பெருத்தால் 64 மில்லிமீட்டர் சொச்சம். ஸ்ட்ரோக் 76. பெருக்கி, நாலால் பெருக்கினால் கிட்டத்தட்ட 979. அதாவது 948-ஐவிட முப்பத்தோரு சி.சி. கூடுதல்! குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை அளவு. ஓடிப்போய் பாயிடம், "பாய், இன்ஜினைக் குடைஞ்சு பெரிசாக்கிட்டோம். இதுதானே ஹாட் ராட்காரன் செய்யற முதல் வேலை?" என்றேன்.

"தேஞ்சா போர் அடிக்கிறது ரிப்பேரு ஸார். எல்லா வண்டிக்கும் பண்றதுதான்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "ஆனா ஏத்தத்துல தெரியும்" என்றார்.

ஆடி பதினெட்டு. மாமா சட்டை போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். செல்ஃப் மூன்று தடவை முனகியது. நாலாவது தடவை பிடித்துக்கொண்டது. முருங்கைக் கிளையிலிருந்து காக்கைகள் கிளம்பின. பதிவு இன்னும் வராததால் ரோட்டில் ஓட்ட முடியாது. வாசலில் சாய்தளம் இறக்கிய லாரி ஒன்று காத்திருந்தது. வீட்டுக்குள்ளிருந்து கேட், கேட்டிலிருந்து லாரி, மொத்தம் நாற்பது அடி. அத்தனையும் தானாகவே ஓடிப் போய் ஏறியது. மாமா இறங்கி வந்து, வீட்டுச் சாவியை மச்சினன் கையில் கொடுத்துவிட்டு என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கூட்டர் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது, அவர் பார்த்தது லாரியை.

கமிட்டி பார்த்து, பேப்பர் நகர்ந்து, பதிவு கைக்கு வர இன்னும் பல மாதம் ஆயிற்று. இப்போது வண்டி எங்கள் ஃப்ளாட்டின் கார் பார்க்கிங்கில், செக்ரெட்டரியின் முறைப்புக்கு நடுவே நிற்கிறது. ஆராய்ச்சிக்கு எங்களிடம் ஆள் இல்லை. ராலி எப்போதாவதுதான். பாக்கி?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டுவார்.

"பெட்ரோல் போட்டுட்டு வந்துரலாமா மாப்ளே?"

நான் ஓட்டுவேன், அவர் பக்கத்தில். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுகிற வண்டி. பங்க் வாசலில் ஒரே வெட்டில் யூ டர்ன் அடிக்கும்போது ஆட்டோக்காரர்களே வாயைப் பிளப்பார்கள். பங்க் பையன் ஓடி வந்து, மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு ஆசையாகக் கேட்பான்.

"ஃபுல் டேங்க் பண்ணிரவா தாத்தா?"

"ரெண்டு லிட்டர் போடு போதும். அடுத்த வாரமும் வரணும்ல?"